பல் எடுக்கும் கையும் பால் எடுக்கும் கையும்



சென்ற இதழில் இனிப்பு நீர் உள்ளவர்கள் பாதத்தை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தேன். இந்த மாதம் கையைப் பற்றி எழுதுகிறேன். இதை எழுதக் காரணமாக இருந்தது என்னுடைய ஒரு கடைவாய்ப் பல்.

அதைப் பிடுங்குவதற்காக அரசாங்கப் பல் கிளினிக்கிற்குப் போயிருந்தேன். டாக்டரம்மா நம் பெண்தான், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். என் பல் சுலபத்தில் வரவில்லை. ஒரு வழியாகப் பிடுங்கி எடுத்து, பஞ்சைக் கடிக்க வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றினார். கழற்றியதும் வலது பெருவிரலின் அடியை இடது கையால் பிடித்து அமுக்கிக்கொண்டே கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். அதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அதே இடத்தை அதே மாதிரி அமுக்கிக்கொண்டு எங்கள் டிஸ்பென்சரி பெஞ்சில் ஓர் அக்கா எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறார்.

வாயில் பஞ்சு இருந்ததால் அவர் கையைச் சுட்டிக்காட்டித்தான் கேட்டேன். அவர் சிரித்தார். "எங்க தொழில்ல இந்த வலி இல்லாதவங்களப் பார்க்கிறது கஷ்டம் அண்ணே. நாள் முழுக்க ஒரு மெல்லிசான கம்பியை ரெண்டு விரலால இறுக்கிப் பிடிக்கணும். வாய்க்குள்ள கை நழுவக்கூடாது. கழுத்து குனிஞ்சபடியே இருக்கும். ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க. வேலை செய்யிற வலது கையவிட, கண்ணாடியைச் சும்மா பிடிச்சிட்டு இருக்கிற இடது பக்கத் தோள்தான் சாயந்திரம் எனக்கு அதிகமா வலிக்கும்" என்றார்.

சும்மா பிடித்திருக்கிற கை எப்படி வலிக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நம் கதையும் அங்கேதான் இருக்கிறது.

சும்மா பிடித்திருப்பதும் வேலைதான்

விரல்களை மடக்குகிற பெரிய தசைகள் விரலில் இல்லை. முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. நம்பாதவர்கள் இடது கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு வலது விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். தோலுக்கடியில் அவை அசைவது தெரியும். பொம்மலாட்டக்காரர் மேலே இருந்து கயிற்றை இழுத்தால் கீழே பொம்மை ஆடுகிறதல்லவா, அதுபோல அந்தத் தசைகள் நீண்ட நார்களைக் கொண்டு விரல்களை இழுக்கின்றன. இவற்றில் 9 நார்கள் மணிக்கட்டில் ஒரு குறுகலான குகைக்குள் புகுந்து உள்ளங்கைக்கு வருகின்றன. அதே குகைக்குள் ஒரு நரம்பும் வருகிறது. பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவற்றுக்கு உணர்ச்சி கொடுப்பது அந்த நரம்புதான். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தசை வேலை செய்ய ரத்தம் வேண்டும். தசை சுருங்கும்போது தனக்குள்ளே இருக்கும் ரத்தக் குழாய்களை நெருக்குகிறது, தளரும்போது விடுகிறது. நடக்கும்போது கால் தசை சுருங்கித் தளர்ந்து, சுருங்கித் தளர்ந்து, பம்பு அடிப்பதுபோல் ரத்தத்தைத் தானே வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஒன்றை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தால் தசை தளருவதில்லை. பூச்செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நாமே மிதித்துக்கொண்டு தண்ணீர் வரவில்லையே என்று பார்க்கிற மாதிரிதான். உங்கள் முழுப் பலத்தில் பாதியைப் போட்டு ஒரு கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருங்கள். சுமார் 1 நிமிடத்தில் கை நடுங்கி விட்டுவிடும். பத்தில் ஒரு பங்குப் பலம் மட்டும் போட்டுப் பிடித்தால் பல நிமிடங்கள் தாங்கும். ஆக, பிடிமானத்தை ஒரு பங்கு தளர்த்தினாலும் தசைக்குக் கிடைக்கிற ஆயுள் பல பங்கு.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேலைக்குப் புதிதாக வந்த பையன்கள் இரண்டாம் நாள் உடம்பு முழுக்க வலி என்று வருவார்கள். 'லாக்டிக் ஆசிட்' தேங்கிவிட்டது என்று நானும் பல வருடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது சரியில்லை. அந்த அமிலம் வேலையை நிறுத்திய ஒரு மணி நேரம் போல வெளியேறிவிடுகிறது. மறுநாளும் மூன்றாம் நாளும் வருகிற வலி, பழகாத வேலையால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய கிழிசல்களால் வருவது. அது நாலைந்து நாளில் தானே ஆறும். அடுத்த தடவை தசை அவ்வளவு வலிக்காது. அதற்குப் பயப்பட வேண்டாம். நான் எழுத வந்தது ஆறாத வலியைப் பற்றி.

அந்த அக்கா

மேலே சொன்ன அக்காவுக்கு வயது 52. பதினாறு வயதில் பால் வெட்ட வந்தவர். என்னைவிட மூத்தவர், என்னை டிரெஸர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். முதலில் அவர் வந்தது பெருவிரலடி வலி என்று. கோடாலித் தைலம் கொடுத்தேன். பிறகு மணிக்கட்டு வலி என்றார். மாத்திரை கொடுத்தேன். பிறகு ராத்திரி இரண்டு மணிக்குக் கை மரத்துப்போய் எழுந்து உதறுகிறேன் என்றார். விட்டமின் மாத்திரை கொடுத்தேன். இப்படி 14 மாதங்கள். ஒருநாள் வீட்டில் குழம்புச் சட்டி கை நழுவிக் காலில் விழுந்து, வெந்த காலைக் காட்ட வந்தார். காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் தற்செயலாக அவர் வலது கையைக் கவனித்தேன். பெருவிரலின் அடியில் மேடாக இருக்க வேண்டிய சதை வற்றிப்போய் இருந்தது.

1700-ஆம் ஆண்டு இத்தாலியில் ராமாஸினி என்ற மருத்துவர் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் மற்றக் கேள்விகளோடு 'என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் கேளுங்கள் என்று வைத்தியர்களுக்குச் சொன்னவர் அவர். நாள் முழுக்க எழுதுகிற குமாஸ்தாக்களுக்குக் கை சோர்ந்துபோவதையும் அவர் அப்போதே எழுதி வைத்திருக்கிறார். முந்நூறு வருடத்துக்கு முன்னால் சொன்ன அந்தக் கேள்வியை நான் அக்காவிடம் கேட்கவில்லை. 'பால் வெட்டு' என்பதுதான் புத்தகத்தில் இருக்கிறதே என்ற நினைப்பு. எந்த மரம், எந்த உயரம், எந்தக் கத்தி, எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

அவரும் முழுதாகச் சொல்லவில்லை. ஏன் அக்கா என்றால், "மரத்தவுட்டு எடுத்துப் புல்லு வெட்டப் போட்டுட்டாங்கன்னா? சம்பளம் கொறஞ்சிடுமே தம்பி" என்றார். இந்தப் பயம் எனக்குப் புதிதில்லை. என் அம்மாவும் பால் வெட்டியவர்தான். அவர் கையைக்கூட நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

பல் கிளினிக்கிலிருந்து வந்த இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில் லைட்டை நெற்றியில் கட்டிக்கொண்டு அக்கா வேலை செய்யும் நிரைக்குப் போனேன். அப்போது அவர் மாவட்ட ஆஸ்பத்திரியின் தேதிக்காகக் காத்திருந்தார், வேலையை விடவில்லை. "என்னா தம்பி, தூக்கம் வரலியா?" என்று சிரித்தார். பின்னாலேயே நடந்து, ஐம்பது மரம் வரை பார்த்தேன்.

பால் வெட்டு எவ்வளவு நுட்பமான வேலை என்பது வெட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பட்டையில் ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் சீவ வேண்டும். ஆழமும் வேண்டும், ஆனால் கட்டைக்கு மேலே மில்லிமீட்டர் கணக்கில் மட்டும் பட்டையை விட்டு நிறுத்த வேண்டும். மரத்தில் காயம் பட்டால் மண்டோர் சத்தம் போடுவார். பல் டாக்டருக்கு ஈறு எப்படியோ, பால் வெட்டுகிறவருக்குக் கட்டை அப்படி. கை நழுவக்கூடாது என்ற பயம் இருக்கிற இடத்தில் எல்லாம் மனிதன் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிப்பான். அதுதான் இரண்டு பேரையும் சோர வைக்கிறது.

நான் எண்ணினேன். அக்கா ஒரு மரத்துக்குச் சராசரி 12 முறை கத்தியை இழுத்தார். 500 மரம் என்றால் 6,000 இழுப்பு. அந்த 6,000-லும் அவர் கையைக் கெடுத்தவை நான்கு. கத்தி மழுங்கியிருந்தது. கைப்பிடி மெல்லியதாய், பால் காய்ந்து பிடித்து வழுவழு என்று இருந்தது. வெட்டு மிகவும் தாழ்ந்து முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்ட மரங்களில் அவர் உடம்பைத் தாழ்த்தாமல் மணிக்கட்டை மட்டும் வளைத்து இழுத்தார். நான்காவது எனக்கே வியப்பாக இருந்தது: ஒரு மரத்தை முடித்து அடுத்த மரத்துக்கு நடக்கிறாரே, அந்த ஏழெட்டு எட்டிலும் கத்தியை வெட்டும்போது பிடித்த அதே இறுக்கத்தில் பிடித்திருந்தார். சும்மா பிடித்திருக்கிற கை.

மணிக்கட்டு நேராக இருக்கட்டும்

இதை வீட்டில் பிள்ளைகளோடு செய்து பாருங்கள். மணிக்கட்டை நேராக வைத்து ஒரு பென்சிலைக் கைக்குள் இறுகப் பிடியுங்கள். பிள்ளையை உருவச் சொல்லுங்கள், வராது. இப்போது மணிக்கட்டை உள்பக்கமாக முழுதும் மடக்கிக்கொண்டு அதே பென்சிலைப் பிடியுங்கள். பிள்ளை சுலபமாக உருவிவிடும். மணிக்கட்டு வளைந்தால் பிடிமானப் பலத்தில் பாதியே போய்விடுகிறது. போன பலத்தை ஈடுகட்ட முன்கைத் தசை இரட்டிப்பாய் உழைக்கிறது. அந்த 9 நார்களும் வளைந்த குகையின் சுவரில் உரசி வீங்குகின்றன. வீங்கினால் நடுவில் அகப்பட்ட நரம்பு நசுங்குகிறது. அக்காவுக்கு நடந்தது அதுதான்.

ஆகவே தாழ்ந்த வெட்டுக்கு முழங்காலை மடக்கி உடம்பைத் தாழ்த்துங்கள். ஒரு காலை முன்னே வைத்து அரைவாசி உட்காரலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் சின்னப் பலகை ஒன்றை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தே வெட்டுவதையும் நான் பார்த்திருக்கிறேன்; சிரிக்க வேண்டாம், நல்ல யோசனை. முழங்கையை விலாவுக்குப் பக்கத்தில் வைத்து, மரத்தைச் சுற்றிக் கால் நகர நகரக் கத்தியும் கூடவே வரும்படி இழுங்கள். கையை நீட்டி மணிக்கட்டைச் சுழற்றி இழுப்பவர்களை விட இவர்கள் மாலையில் தெளிவாக இருப்பார்கள். நல்ல பழைய வெட்டுக்காரர்களைப் பாருங்கள், காலால்தான் வெட்டுவார்கள். உயர வெட்டுக்குப் போகும்போது கை தோளுக்கு மேலே போகாதபடி நீளப் பிடி போட்ட கத்தி வேண்டும். தோளுக்கு மேல் தூக்கிய கைக்கு ரத்தம் ஏறுவதும் கஷ்டம், தோள் நாரும் எலும்பில் இடிபடும்.

கத்தியை முந்தின நாள் மாலையே வெளிச்சத்தில் தீட்டி வையுங்கள். அக்காவின் கத்தியை நன்றாகத் தீட்டிய மறுநாள் போய் எண்ணினேன். மரத்துக்கு 9 இழுப்பு. 500 மரத்துக்கு 1,500 இழுப்பு மிச்சம்! பல் டாக்டரம்மாவும் இதையேதான் சொன்னார்: காரை சுரண்டுகிற கருவி மழுங்கினால் அன்றைக்குக் கை போச்சு.

கைப்பிடி விஷயத்திலும் அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். பல் சுரண்டும் கருவியின் பிடியை மாற்றி மாற்றி வைத்துத் தசையின் உழைப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். மெல்லிய கனமான பிடியை விட, 10 மில்லிமீட்டர் தடிமனும் 15 கிராமுக்கு மேற்படாத எடையும் உள்ள பிடிதான் விரலுக்கு இலேசாக இருந்ததாம். விரல் நுனியால் பிடிக்கிற கருவிக்கு அந்த அளவு. கை முழுக்கப் பற்றுகிற நம் கத்திக்கும் அரிவாளுக்கும் இன்னும் தடிமன் வேண்டும், சுமார் 3-லிருந்து 4 சென்டிமீட்டர். அளவுகோல் தேடவேண்டாம்: பிடியைப் பற்றும்போது பெருவிரல் நுனி ஆட்காட்டி விரல் நுனியைத் தொட்டு, நகத்தளவு மேலே ஏற வேண்டும். விரல்கள் உள்ளங்கையையே குத்தினால் பிடி மெல்லியது. பழைய சைக்கிள் டியூபை நீளநீளமாக அறுத்துச் சுற்றினால் போதும். தடிமனும் கிடைக்கும், வழுக்கவும் வழுக்காது. வழுக்காத பிடியை யாரும் இறுக்கிப் பிடிப்பதில்லை.

மரத்துக்கு மரம் நடக்கும்போது கையைத் தளர விடுங்கள். கத்தி கீழே விழாத அளவுக்குப் பிடித்தால் போதும். விரல்களை ஒருமுறை விரித்து மடக்குங்கள். ஒரு நாளில் 500 சின்ன ஓய்வு, கணக்குப் பார்த்தால் யாரும் ஒரு காசு பிடிக்க முடியாத ஓய்வு. அரை மணி நேரம் தொடர்ந்து ஓய்வு எடுப்பதைவிட இப்படி இடையிடையே தசைக்கு ரத்தம் விடுவது கைக்கு நல்லது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இல்லை, உங்கள் வீட்டுக்காரர்களுக்கு. காலையில் 6,000 முறை முறுக்கிய மணிக்கட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து நனைந்த ஜீன்ஸ் காற்சட்டையைப் பிழிகிறது. தேங்காய் துருவுகிறது. தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறது. தசைக்கு இது வேலை வேறு, வீடு வேறு என்று தெரியாது. துணி பிழிவதை அண்ணன்மார் ஏற்றுக்கொள்ளலாம். மீசை உதிராது.

குலை வெட்டுபவர்களுக்கு

செம்பனை வேலை செய்பவர்களுக்குக் கதை தோளிலும் கழுத்திலும் இடுப்பிலும் நடக்கிறது. உயர்ந்த மரத்துக்குக் கீழே நின்று, நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடி இழுக்கிறீர்கள். பல் டாக்டர் குனிந்து கெடுத்துக்கொள்கிற கழுத்தை நீங்கள் நிமிர்ந்து கெடுத்துக்கொள்கிறீர்கள். மட்டை எங்கே, குலை எங்கே என்று பார்த்து அரிவாளை மாட்டும் வரை அண்ணாந்து பார்ப்பது போதும். மாட்டிய பிறகு மரத்துக்குச் சற்று விலகி நின்றால் கழுத்து அவ்வளவு பின்னால் சாய வேண்டியதில்லை, குலையும் தலைமேல் விழாது. கையால் மட்டும் இழுக்காமல், ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே வைத்து உடம்பு எடையைப் பின்னால் சாய்த்து இழுங்கள். கம்பைத் தோளுக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி அடுத்த மரத்துக்கு நடக்காதீர்கள்.

வெட்டிய குலையை எடுக்கும்போது இடுப்பை முறுக்காதீர்கள். பாதத்தைத் திருப்பித் திரும்புங்கள். 20 கிலோ குலையைக் கை நீட்டித் தூக்குவதும் மார்போடு அணைத்துத் தூக்குவதும் முதுகெலும்புக்கு ஒன்றல்ல. உதிரிப்பழம் பொறுக்குகிறவர்கள் நாள் முழுக்கக் குனிந்தே இருக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, கையை இடுப்பில் வைத்துப் பின்னால் சாயுங்கள்.

2007-இல் மலேசிய செம்பனை வாரியம் சந்தாஸ் என்ற மோட்டார் வெட்டுக் கருவியை அறிமுகப்படுத்தியது. கையால் இழுக்கிற பலம் அதில் மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் அந்த அதிர்வு உள்ளங்கை வழியாக உடம்புக்குள் போகிறது. 1918-இல் அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர், காற்றழுத்தச் சுத்தியலால் கல் உடைத்தவர்களின் விரல்கள் குளிரில் வெள்ளைவெளேர் என்று வெளுத்துப் போவதைக் கண்டு எழுதினார். நம் வெப்ப நாட்டில் விரல் வெளுப்பது அரிது. அதனால் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே அது மரத்துப்போவதாகவும் ஊசி குத்துவதாகவும் சட்டைப் பொத்தான் போட முடியாததாகவும் வரும். மோட்டார் கருவியைக் கட்டுப்பாடு போகாத அளவுக்கு இலேசாகப் பிடியுங்கள். இறுக்க இறுக்க அதிர்வு அதிகமாக ஏறும். கத்தியைக் கூராக வைத்திருங்கள். இரண்டு பேர் ஜோடியாக வேலை செய்தால் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். புகைபிடிப்பது விரலின் ரத்தக் குழாயை மேலும் சுருக்கும்.

எது சோர்வு, எது நோய்?

வேலை நேரத்தில் வலித்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் போய்விடுகிறதா? அது சோர்வு. மேலே சொன்ன மாற்றங்களைச் செய்யுங்கள். ராத்திரியும் வலி இருக்கிறதா, மறுநாள் பெரட்டுக்கு நிற்கும்போதே வலி வந்துவிடுகிறதா? டிஸ்பென்சரிக்கு வாருங்கள். ஓய்வு நாளிலும் வலிக்கிறது, தூக்கம் கெடுகிறது, பொருள் கை நழுவுகிறது என்றால் காலம் கடத்தவே கூடாது.

இரண்டு சோதனைகள் சொல்கிறேன். இரண்டு புறங்கைகளையும் மார்புக்கு முன்னால் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்கும்படி 1 நிமிடம் வையுங்கள். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்து, சுண்டுவிரல் மட்டும் சரியாக இருந்தால் அந்தக் குகைக்குள் நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகிக்கலாம். இன்னொன்று: பெருவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, கைமுஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாயுங்கள். பெருவிரலடியில் சுரீர் என்று வலித்தால் அந்த விரலின் நார் உறை வீங்கியிருக்கலாம். 1895-இல் சுவிஸ் நாட்டு அறுவை மருத்துவர் டி கெர்வன் விவரித்த நோய் இது. பல் டாக்டரம்மாவுக்கு இருந்தது இதுதான். இச்சோதனைகள் சந்தேகத்துக்கு மட்டும்; தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். இனிப்பு நீர், தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நரம்பு நசுங்குவது சுலபமாக வரும்.

நரம்பு நசுங்கலின் ஆரம்பத்தில் ராத்திரி மட்டும் மணிக்கட்டை நேராக வைத்துக் கட்டிப் படுத்தாலே பலருக்குக் குறைகிறது. அட்டையும் துணிப்பட்டையும் வைத்து நானே கட்டிக் கொடுப்பேன், இறுக்கமாக இருக்கக்கூடாது. தேவையானால் ஆஸ்பத்திரியில் ஊசி போடுவார்கள், அதற்கும் மிஞ்சினால் சிறிய அறுவை. வீங்கிய நாரை ஆள் வைத்து அழுத்தி உருவிவிடுவது கூடாது. கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூட்டுவலிக்கு என்று விற்கும் சில நாட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஒரே பாக்கெட்டில் வலி பறந்துவிட்டது என்று யாராவது சொன்னால், முதலில் அந்தப் பாக்கெட்டைச் சந்தேகியுங்கள்.

புத்தகத்தில் எழுத வையுங்கள்

அக்காவுக்கு மாவட்ட ஆஸ்பத்திரியில் நரம்புச் சோதனை செய்து, அறுவையும் ஆயிற்று. ராத்திரி மரத்துப்போவது நின்றுவிட்டது. பெருவிரலடிச் சதை பழையபடி வரவில்லை. வராது என்றுதான் டாக்டர் சொன்னார். ஆறு மாதம் முன்னால் அனுப்பியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு சொக்சோ மனு. 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் விபத்துக்கு மட்டுமல்ல, வேலையால் வரும் நோய்க்கும் இடம் இருக்கிறது. வேலையால் வந்தது என்று ஏற்றுக்கொண்டால் சிகிச்சை உண்டு. 4 நாளுக்குக் குறையாத எம்.சி. இருந்தால் அந்த நாட்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு உண்டு. கையின் பலம் நிரந்தரமாகக் குறைந்திருந்தால் அதற்கும் வழி உண்டு. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்த வேலைக் காயத் திட்டம் உண்டு என்பதை உங்களோடு குலை வெட்டும் இந்தோனேசியத் தம்பிக்கும் வங்காளதேசத் தம்பிக்கும் சொல்லுங்கள். ஆனால் 'வேலையால் வந்தது' என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். டிஸ்பென்சரி புத்தகத்தைப் புரட்டினோம். 14 மாதத்தில் ஒன்பது முறை அக்கா பெயர் இருந்தது. ஒவ்வொரு முறையும் என் கையெழுத்தில் 'கைவலி, தைலம்', 'கைவலி, மாத்திரை'. எந்தக் கை, எந்த விரல், எந்த வேலை, எத்தனை மரம், ஒன்றும் இல்லை. அந்த வரிகளைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை இங்கே எழுத முடியாது. மனு நிற்கிறது. சங்கச் செயலாளரும் நானும் பழைய செக்ரோலைத் தேடி எடுத்து இணைத்திருக்கிறோம்.

ஆகவே என்னைப் போன்ற டிரெஸரிடம் வரும்போது நீங்களே கேட்டு எழுத வையுங்கள்: எப்போதிலிருந்து வலி, எந்த வேலையில் அதிகமாகிறது, வேலையில்லாத நாளில் குறைகிறதா. அவசரத்தில் அவர் எழுதாவிட்டால், "ஐயா, அதையும் எழுதிடுங்க" என்று சொல்லுங்கள். மரியாதைக் குறைவு ஆகாது. வீட்டுக் காலண்டரிலும் தேதியைக் குறித்து வையுங்கள். 2004-ஆம் ஆண்டு விதிகளின்படி, இது தொழில்நோய் என்று கருதுகிற மருத்துவர் 7 நாட்களுக்குள் வேலையிடப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்; அவர் அப்படிக் கருதுவதற்கு நீங்கள் உங்கள் வேலையைச் சொல்ல வேண்டும்.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருப்பார்கள். குனிவது, இழுப்பது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, இவற்றை அளந்து மதிப்பிட அத்துறை 2017-இல் ஒரு வழிகாட்டியும் வெளியிட்டிருக்கிறது. குழுக் கூட்டத்தில் காலணி, தலைக்கவசம் பற்றி மட்டும் பேசிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். அடுத்த கூட்டத்தில் கத்திப் பிடியையும் நீளக் கத்தியையும் சந்தாஸ் சுழற்சியையும் எழுதிக் கொடுங்கள். அந்தச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக்காக வழங்க வேண்டியவற்றுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது.

அக்கா இப்போது வேலைக்கு வந்துவிட்டார். தாழ்ந்த வெட்டு மரங்களை மாற்றி, இடுப்பளவு வெட்டு உள்ள நிரையைக் கிராணி கொடுத்திருக்கிறார். அவருக்கு என் நன்றி. அக்காவின் கத்திக்கு நான் சுற்றிய டியூப் தேய்ந்து, போன வாரம்தான் இரண்டாவது சுற்றுப் போட்டோம். பார்த்துவிட்டு இன்னும் பதினொரு பேர் கத்தியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். என்னிடம் டியூப் தீர்ந்துவிட்டது. வீட்டில் பழைய சைக்கிள் டியூப் கிடந்தால் பிள்ளைகளிடம் டிஸ்பென்சரிக்குக் கொடுத்தனுப்புங்கள். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மேல் நான் இருப்பேன்.